கொழுவாத படலை

அத்தியாயம் 5

"துவக்கிலை ரண்டு குழலுக்கும் தோட்டா. கள்ளன் பத்தடி தூரத்திலை. பட்டப்பகல் ரண்டு மணி. ஆனால் அவ சுடேல்லை. ஏன் பிள்ளை?"

பஞ்சலிங்கம் அண்ணை இணுவிலில் காரில் ஏறும்போதே இதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் நித்திரை என்று நம்பி ஏமாந்த சிலர் இன்னும் மறியல் வீட்டில் கம்பி எண்ணுகிறார்கள்.

"கண் தெரிஞ்சிருக்காது," என்றேன்.

"பத்தடியிலையோ?"

"அப்ப கை நடுங்கியிருக்கும்."

"கள்ளன் ஓடின பிறகு ஆகாயத்துக்கு ஒரு வெடி வைச்சிருக்கிறாவே. அதுக்கு மட்டும் கை நடுங்கேல்லையோ?"

"ஆகாயம் பெரிசுதானே அண்ணை. நடுங்கினாலும் தவறாது."

அவர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் பொலிஸில் சார்ஜனாக இருந்தவர், போன வருஷத்து ஆடிக் கலவரத்தோடு யூனிபோமைக் கழற்றி வைத்தார். சிரிப்பையும் அதே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். இந்த 1984ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துப் பொலிஸ்காரர் மண்மூட்டைக்கு வெளியே வருவதில்லை. அதனால் கோழி களவு போனாலும் தாலிக்கொடி களவு போனாலும் சனம் அண்ணையைத் தேடி வருகிறது.

நான் பெர்னடெட். குருநகர். வயது முப்பத்தாறு, கலியாணம் ஆகவில்லை, அதைப் பற்றி ஒருவரும் கேட்கத் தேவையில்லை. அப்பாவின் ஐஸ் லொறியில் ஓடப் பழகியதால் அண்ணையின் பழைய ஏ-போட்டி எனக்குப் பொம்மைக் கார்தான். கார் ஓட்டுவது, குறிப்பெழுதுவது, தேவையில்லாத இடத்தில் வாய் திறப்பது, மூன்றும் என் வேலை. மூன்றாவதற்கு மட்டும் சம்பளம் இல்லை.

பண்டத்தரிப்புக்குக் கிட்ட, வயலை ஒட்டிய ஓர் ஒழுங்கை. ஒழுங்கையின் இந்தப் பக்கம் முருகேசுவின் பலசரக்குக் கடை, அந்தப் பக்கம் அருமைநாயகி என்ற விதவையின் வளவு. வேறு வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை.

முருகேசு ஒரு சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்தி, காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"சார்ஜன் ஐயா, அஞ்சு மணி மட்டும் பாப்பன். பிறகு சைக்கிளிலை ஏறி இயக்கப் பெடியளின்ரை காம்புக்குப் போவன். என்ரை மனிசி உங்களைக் கூப்பிடச் சொன்னபடியால்தான் இவ்வளவு பொறுமை."

"முதல்லை நடந்ததைச் சொல்லுங்கோ."

"செவ்வாய்க்கிழமை ரண்டு மணி. ஊர் முழுக்க நித்திரை. ஒருத்தன் முகத்திலை துவாயைச் சுத்திக்கொண்டு வந்து கைத்துவக்கை நீட்டினான். மேசையின்ரை காசு லாச்சியை அப்பிடியே இழுத்துக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு பாய்ஞ்சான். நான் ஐயோ எண்டு கத்திக்கொண்டு பின்னாலை ஓடினன்."

"என்ன சொல்லித் துவக்கை நீட்டினவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. வாயே திறக்கேல்லை. துவக்காலை லாச்சியைக் காட்டினான், அவ்வளவுதான்."

"ஊமைக் கள்ளன்," என்றேன் நான். "கலியாணம் பேசலாம்."

அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் பென்சில் நுனி முறிந்தது.

முருகேசு ஒழுங்கைக்கு அந்தப் பக்க வேலியில் வாசற்கதவாக இருந்த கிடுகுப் படலையைக் காட்டினார். "உந்தப் படலையாலைதான் உள்ளுக்கை போனான். போய்ச் சும்மா போனானே? திரும்பி நிண்டு படலையைச் சாத்திக் கொழுவிப்போட்டுப் போனான்! நான் தள்ளுறன், இழுக்கிறன், திறக்குதில்லை. வேலி ஓட்டையாலை பாத்தன். அவ விறாந்தையிலை துவக்கோடை நிக்கிறா. புருசன் வௌவால் சுட வைச்சிருந்த துவக்கு. சுடுவா எண்டு பாத்தால், குழலைக் கீழை பதிச்சிட்டா. அவன் பின்பக்கப் பனங்காணிக்குள்ளை மறைஞ்சாப் பிறகுதான் மேலுக்கு ஒரு வெடி. எனக்கு அண்டைக்கே விளங்கீட்டுது."

"என்ன விளங்கினது?"

"அவவின்ரை ஒரே பெடியன் குகதாசன். தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் காணாமல் போனவன். எட்டு மாதம். எந்த இயக்கத்துக்குப் போனானோ, ஒண்டுக்கும் போகாமல் கள்ளனாப் போனானோ. உள்ளுக்கை போனவன் தன்ரை வீட்டுப் படலையைக் கொழுவிறான், தாய் துவக்கைப் பதிக்கிறா. இதைக் கண்டுபிடிக்கச் சார்ஜன் வேணுமே?"

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. போன மாதம் ஒரு சந்தியில் லைற்போஸ்ற்றில் ஒருவனைக் கட்டிச் சுட்டிருந்தார்கள். நெஞ்சில் "சமூக விரோதி" என்று மட்டை தொங்கியது. நான் காரை நிறுத்தாமல் போனேன். ஆனால் அவனுடைய கால் செருப்பு ஒன்று மட்டும் ரோட்டு நடுவில் கிடந்ததை இன்னும் மறக்கவில்லை. முருகேசு அஞ்சு மணிக்குக் குகதாசன் என்று பேர் கொடுத்தால் அதுதான் நடக்கும்.

கடைக்குள் முருகேசுவின் மகன் திலகன் சீனியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தான். இருபது வயது, நெடுவல், தலை நிமிராத பெடியன்.

"உவன் அண்டைக்கு ரவுணிலை ரியூசன்," என்றார் தகப்பன். "இல்லாட்டில் கள்ளனைக் கட்டிப் பிடிச்சிருப்பான்."

"அப்பிடியே," என்றார் அண்ணை. "தம்பி, நாங்கள் எதிர் வீட்டிலை கதைச்சுக்கொண்டிருப்பம். ஒரு அரை மணித்தியாலத்தாலை நாலு சோடா கொண்டந்து தாரும்."

அண்ணைக்குப் பதினொரு வருஷமாகச் சலரோகம். தேத்தண்ணியையே சீனி இல்லாமல் குடிப்பவர்.

"சோடாவோ?" என்றேன், வெளியே வந்ததும்.

"எனக்குத் தாகம்."

"அப்ப தண்ணி குடியுங்கோ. நீங்கள் மயங்கி விழுந்தால் நானோ தூக்கிறது?"

"நட பிள்ளை."

அருமைநாயகியின் படலை அகலத் திறந்து கிடந்தது. உள்ளே மூன்று ஆடுகள் கத்தரித் தோட்டத்தில் பந்தி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒன்று முருங்கைக் கன்றில் முன்னங்காலை வைத்து நின்றது. படலையைத் திறந்தவர் சாத்த வேண்டும், இது எங்கள் ஊர்களில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். நான் ஆடுகளைத் துரத்திவிட்டுப் படலையைச் சாத்தப் போனேன். அது அசையவில்லை. தூக்கினேன், தள்ளினேன், அந்தோனியாரைக் கூப்பிட்டேன், பிறகு அந்தோனியார் கேட்கக் கூடாத இரண்டு சொல்லும் சொன்னேன்.

"விடு பிள்ளை! அதைச் சாத்தாதை!"

விறாந்தையில் அருமைநாயகி நின்றார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, தோய்ந்த தலை, நன்றாக உடுத்திருந்தார். துரத்திய ஆடுகள் மறுபடி உள்ளே வந்தன. அவர் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அக்கா, கத்தரி எல்லாம் போகுது."

"போகட்டும். இருங்கோ."

விறாந்தையில் இரண்டு கதிரை. உள்ளே ஒரு சைக்கிள், துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு. குசினியிலிருந்து ஒரு வாசம் வந்தது. மீன், நண்டு, பயித்தங்காய், புளி, ஒடியல் மா. குருநகர்க்காரிக்கு அது ஒடியல் கூழ் என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. எட்டிப் பார்த்தேன். அடுப்பில் பெரிய பானை.

"தங்கச்சி, வீட்டிலை ஆர் இருக்கிறியள்?" அண்ணை கேட்டார்.

"நான்தான்."

"மகன்?"

"கொழும்பிலை." மிக விரைவாகச் சொன்னார். அந்த வருஷம் எங்கள் பகுதியில் பாதித் தாய்மாருக்கு, கேட்பவர்களிடம் சொல்ல, மகன் கொழும்பில்தான் இருந்தான்.

"ஆர் வந்து போகினம்?"

"ஒருத்தரும் வாறேல்லை, ஐயா. துவக்கு வெடிச்ச பிறகு ஒழுங்கையாலை போறவையும் அந்தப் பக்கமாத்தான் போகினம். அதுக்கு முந்தியும் ஆர் வந்தவை? பகலிலை முருகேசண்ணையின்ரை கடையிலை றேடியோ கேக்கும். அதைக் கேட்டுக்கொண்டு இருப்பன். அண்டைக்கு அவர் ஐயோ எண்டு கத்தினது கேட்டுத்தான் ஓலைக்கட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்ச துவக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தனான். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பெடியள் வந்து கேட்டால் குடுக்க வேண்டியதுதான்."

இந்தப் பெண் அயலவனைக் காப்பாற்றத் துவக்கை வெளியே எடுத்தவர். அந்த அயலவன் எதிரே நின்று சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான். எனக்கு முருகேசுவின் ரயரில் ஊசி ஏற்ற வேண்டும்போல இருந்தது.

அண்ணையின் காதுக்குள் சொன்னேன்: "தனியாளுக்கு ஆரண்ணை கூழ் காய்ச்சினது? நான் தனிய இருக்கிறனான், எனக்குத் தெரியும். இரவிலை பாணும் சம்பலும்தான். கூழ் எண்டால் ஆள் வேணும். அந்தப் பானையிலை நாலு ஆம்பிளைக்குக் காணும்."

அண்ணை மெதுவாகத் தலையாட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது.

"தங்கச்சி, குகன் எப்ப வருவான் எண்டு நினைச்சுப் படலையைத் திறந்து வைச்சிருக்கிறியள்?"

அருமைநாயகி சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் சிரித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"நீங்கள் பெடியளிட்டைச் சொல்லமாட்டியள்தானே? முகத்தைக் காட்டேல்லை, ஐயா. ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு படலையைக் கொழுவினான். அந்தக் கொழுவல் எனக்குத் தெரியாதே? எட்டு மாதம். உயிரோடை இருக்கிறானோ, எந்தக் கடலிலை போனானோ எண்டு தெரியாமல் எட்டு மாதம். கள்ளன் எண்டால் என்ன? என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான். பக்கத்திலைதான் எங்கையோ இருக்கிறான். திரும்பி வந்து, படலை சாத்தியிருக்குது எண்டு போயிடக் கூடாது."

மூன்று நாளாகக் கூழ் காய்ச்சுகிறாராம். இரவில் ஊற்றிவிட்டு விடியப் புதிதாகக் காய்ச்சுகிறாராம். "வாங்கோ அண்ணை, போவம்," என்றேன். "முருகேசுவுக்கு ஏதாவது பொய்யைச் சொல்லுவம்."

"பொய் சொன்னால் அஞ்சு மணிக்கு அவர் குகதாசன் எண்டு சொல்லுவார்," என்றார் அண்ணை அடங்கிய குரலில். பிறகு எழுந்தார். "தங்கச்சி, உந்தப் படலை இவளுக்குச் சரிவரேல்லை. எப்பிடிக் கொழுவிறது எண்டு ஒருக்காக் காட்டுங்கோ."

அருமைநாயகி பெருமையோடு நடந்து போனார். "இது குகனும் சிநேகிதனும் சேர்ந்து கட்டினது. பதினாலு வயதிலை. கோணலாக் கட்டிப்போட்டாங்கள். இடக்கால் பெருவிரலைக் கீழ்ச் சட்டத்துக்குள்ளை குடுத்துத் தூக்க வேணும். தூக்கிக்கொண்டு தோளாலை ஒரு தள்ளு. பிறகு கயித்தை அச்சாவாக் கொழுவலாம். வெளியிலை இருந்தும் இப்பிடித்தான், கிடுகு ஓட்டைக்குள்ளாலை கையை விட்டு." படலை ஒரு சத்தமும் இல்லாமல் மூடியது. "கொழுவாமல் போனால் ரண்டு பேருக்கும் என்னட்டைப் பேச்சு விழும்."

"எந்தச் சிநேகிதன்?" என்று நான் கேட்க வாயெடுத்தேன். அண்ணை என் காலை மிதித்தார்.

அருமைநாயகி கூழைத் துழாவிவிட்டு, அகப்பையோடு விறாந்தைக்குத் திரும்பி வந்தார். செவ்வாய்க்கிழமை துவக்கோடு நின்ற அதே இடம்.

ஒழுங்கையில் செருப்புச் சத்தம். திலகன் வந்தான். நாலு சோடாப் போத்திலையும் இடக்கையால் நெஞ்சோடு அணைத்திருந்தான். படலை சாத்தியிருந்தது. அவன் நின்றுகூடப் பார்க்கவில்லை. வலக்கை கிடுகுக்குள் நுழைந்தது, கயிறு கழன்றது, இடக்கால் கீழே போனது, தோள் ஒரு தள்ளு. உள்ளே வந்தான். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான், கால் விரலால் தூக்கினான், கொழுவினான்.

நான் அருமைநாயகியைத்தான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்த முகத்திலிருந்து மூன்று நாள் சந்தோசமும் ஒவ்வொன்றாகக் கழன்று போனது. அகப்பையிலிருந்து கூழ் நிலத்தில் சொட்டியது.

"நீயே?" என்றார். "திலகன், நீயேடா?"

பெடியன் விறைத்துப்போனான். ஒரு போத்தில் மணலில் விழுந்து உருண்டது.

"துவக்கை எங்கை எடுத்தனி?" என்றார் அண்ணை.

பொய் சொல்லக்கூட அவனுக்கு வரவில்லை. "பனை மட்டை. செதுக்கி, பற்றரிக் கரி பூசினனான்."

"கதைச்சால் அப்பா குரலைப் பிடிச்சிடுவார். அதுதான் ஊமையா நிண்டனி, என்ன? லாச்சி?"

"பனங்காணியிலை, காவோலைக்குக் கீழை. தொடேல்லை, ஐயா. ஜேர்மனிக்கு அனுப்புறன் எண்டு ஒரு ஏஜென்சிக்காரன் சொன்னவன். அப்பா விடமாட்டார். குகன் போன நாளிலை இருந்து என்னைக் கடைக்குள்ளை கட்டிப்போட்ட மாதிரித்தான். ஆரோடையும் கதைக்க விடமாட்டார். எனக்கும் ஆர் இருக்கினம்?"

"எல்லாம் சரி. களவெடுத்துக்கொண்டு ஓடுறவன் ஏன்ரா நிண்டு படலையைக் கொழுவினனி? அப்பாவை மறிக்கவோ?"

திலகன் விழித்தான். அவனே அதைப் பற்றி நினைத்துப் பார்த்ததில்லைப்போல.

"இல்லை, ஐயா. கொழுவாமல் போனால் அம்மா பேசுவா."

கள்ளன் என்று பிடித்தவன் வாயில் இப்படி ஒரு பதிலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அருமைநாயகி படியிறங்கி அவனுக்குக் கிட்டப் போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"குகன் எங்கையெண்டு உனக்குத் தெரியுமே?"

"தெரியாதம்மா."

"ஒரு கடிதம்? ஆரும் சொல்லிவிட்ட சொல்லு?"

"சத்தியமா ஒண்டும் தெரியாதம்மா. எனக்கும் சொல்லாமல்தான் போனவன்."

அவர் பிறகு குசினிக்குள் போய், பனையோலைப் பிளா ஒன்றில் கூழ் ஊற்றிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தார்.

"குடி. ஆறப்போகுது."

அவன் அழுதுகொண்டே குடித்தான். எங்களுக்கும் தந்தார். சலரோகக்காரரும் குடித்தார். என் வாழ்நாளில் குடித்த கூழில் அதுதான் திறம். மனசில்லாமல் குடித்ததும் அதுதான்.

அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம். முருகேசு கடை வாசலில், ஒரு காலைப் பெடலில் வைத்தபடி நின்றார்.

"என்ன சார்ஜன் ஐயா, கள்ளன்ரை பேர் கிடைச்சுதோ?"

"கிடைச்சுது. கள்ளன் உந்தப் படலையைக் கொழுவிப்போட்டு ஓடினவன். நீங்களே தள்ளிப் பாத்தனியள், இவளும் பாத்தவள், புதுசா வாறவைக்கு அது மசியாது. அதைக் கட்டின பெடியள் ரண்டு பேர். ஒருத்தன் எட்டு மாதமா இங்கை இல்லை. ரண்டாவது ஆளின்ரை பேரை நான் சொல்லட்டோ, நீங்கள் காம்பிலை சொல்லுறியளோ?"

முருகேசு எங்களைத் தாண்டிப் பார்த்தார். ஒழுங்கையில் திலகன், காவோலைத் தூசியோடு லாச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தான். லைற்போஸ்ற்றை அவரும் கண்டிருப்பார்தானே. பெடலிலிருந்து மெல்லக் காலை எடுத்துச் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டார். ஸ்ராண்ட் இரண்டு தரம் தவறியது.

"இனி அந்த மனிசியைப் பற்றி ஒரு சொல்லு உங்கடை வாயிலை வந்தால் நான் வருவன்," என்றேன். "இவர் வரமாட்டார். நான் வருவன்."

கைப்பையை எடுக்க மறுபடி வளவுக்குப் போனேன். அருமைநாயகி விறாந்தையில் தனியே இருந்து பிளாக்களைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். முருகேசுவின் றேடியோ இன்று பாடவில்லை.

"போட்டு வாறம், அக்கா."

"ஓம் பிள்ளை." அவர் தலை நிமிரவில்லை. "போகேக்கை படலையைக் கொழுவிப்போட்டுப் போ. ஆடு வரும்."

நான் படலைக்கு வந்தேன். இடக்கால் விரலைக் கீழ்ச் சட்டத்தில் கொடுத்தேன். தோளால் ஒரு தள்ளு. முதல் தரத்திலேயே மூடியது. கயிறு கையில் இருந்தது.

சண்டிலிப்பாய் வந்தது. அண்ணை கண்ணை மூடியிருந்தார்.

"அவவுக்குக் காட்டாமல் பிடிச்சிருக்கலாம், அண்ணை," என்றேன் கடைசியில். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"பிடிச்சிருக்கலாம். பிறகு எத்தினை நாளைக்குக் கூழ் காய்ச்சுவா?"

நான் ஹோண் அடித்து முன்னால் போன மாட்டு வண்டியை விலத்தினேன்.

"படலையைச் சாத்தினியோ?" என்றார் அவர்.

"சாத்தினன்."

"கொழுவினியோ?"

நான் கியரை மாற்றினேன்.

"இல்லை அண்ணை. ஆடு திண்டால் திண்டிட்டுப் போகட்டும்."